பூசணம் பூத்த சாடி

முட்டாள்தனம் இருவகைப்படும். பிறவியிலேயே வருவது ஒன்று. படித்துப் பட்டம் பெற்றுச் சம்பாதித்துக்கொள்வது மற்றொன்று. முன்னதை அண்ணி மன்னித்துவிடுவார். பின்னதைக் கண்டால் மட்டும் அவருடைய வலப்புருவம் தானாக மேலே ஏறிவிடும். அன்று காலை அந்தத் தொழிற்சாலையின் வாசலில் ஏறிய புருவம் மாடிப்படி முடிகிற வரையில் இறங்கவே இல்லை.

வாசற்சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதியிருந்த வாசகம் அதற்குக் காரணம். ‘உறையைப் பிரிக்காதீர், உறையோடு தின்பீர்!’

“அண்ணி, இது மிட்டாய்க்கா, தலையணைக்கா?” என்றான் கொழுந்தன்.

“வாயை மூடிக்கிட்டு வா.”

“வாயை மூடிக்கிட்டா எப்படித் தின்றது?”

அண்ணிக்கு வேறு பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அது எவருக்கும் நினைவில் இல்லை. கணவரின் தம்பி, வழக்குக் கொண்டுவரும் கட்சிக்காரர்களுக்கு எதிரிலும் காவல்துறை அதிகாரிகளுக்கு எதிரிலும் கூச்சமில்லாமல் ‘அண்ணி, அண்ணி’ என்று அழைத்து அழைத்து, ஊராரும் அவ்வாறே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய அந்தக் கொழுந்தன், எந்த உத்தியோகத்திலும் கால் ஊன்றாமல் கடைசியில் அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் வந்து ஒட்டிக்கொண்டவன். அவனால் பயன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவன் பேச்சைக் கேட்டு எரிச்சலடைந்தவர்கள், மறைக்க வேண்டியதை மறந்து உளறிவிடுவது வழக்கம்.

வழக்கு இதுதான். மாவுச்சத்தைக் கிளிசரினோடு காய்ச்சித் தட்டில் மெல்லியதாக ஊற்றி உலர்த்தினால், கண்ணாடி போன்ற ஒரு தாள் கிடைக்கும். அதில் மிட்டாயைச் சுற்றிக் கொடுத்தால் தாளோடு தின்றுவிடலாம். ஆனால் அந்தத் தாளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். குடித்தால் இளகும், பிசுபிசுக்கும், பூசணம் பிடிக்கும். மாவைக் காய்ச்சும்போதே கிராம்பு எண்ணெயைக் கலந்து அந்தக் குடிப்பழக்கத்தைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுவந்தவள், தொழிற்சாலை முதலாளியின் மருமகள். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்பது அடுப்படியில் நின்ற எவருக்கும் தெரியும். அந்தப் பகையை ஒரு தாளுக்குள் குடிவைத்துக் காட்டியது அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

பெரிய மிட்டாய்க் கம்பெனி ஒன்று அந்தத் தாளை விரும்பியது. சோதித்துப் பார்க்கத் தன்னுடைய முனைவரை அனுப்பியது. சோதனை முடிவு நேர்மாறாக வந்தது. கிராம்புத்தாள் வயிறு முட்டக் குடித்திருந்தது. கிராம்பு சேர்க்காத வெறும் தாள் யோக்கியமாக இருந்தது. மருமகள் இதுவரை காட்டிய அளவுகளெல்லாம் இட்டுக்கட்டியவை என்று முனைவர் அறிக்கை எழுதிவிட்டார். அன்று நண்பகலில் அதை அவர் அனுப்பிவிட்டால், பொய்க்காரி என்ற பெயர் எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் பரவிவிடும். பிறகு குப்பி கழுவக்கூட அந்தப் பெண்ணை ஒருவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அண்ணியை அழைத்தவர் முதலாளி. தொழிற்சாலை முழுவதற்கும் அவர் பெரியம்மா. மகன் இறந்தபிறகு, மருமகளையும் பேத்தியையும் தம்மோடு வைத்துக்கொண்டு தொழிலை நடத்திவந்தவர். குளிரூட்டிய அறையில், மூட்டுவலிக்காக முழங்கால்மேல் ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

“என் மருமகள் பொய் சொல்ற பொண்ணு இல்ல. எங்கேயோ கை தவறியிருக்கு, அவ்வளவுதான். தெரியாம நடந்த தப்புன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா முனைவர் ஒத்துப்பாரு” என்றார்.

“நான் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்களே கண்டுபிடிச்சு வச்சிருக்கீங்க. அப்புறம் நான் எதுக்கு?” என்றார் அண்ணி.

“ஒரு கௌரவத்துக்குத்தான்” என்றான் கொழுந்தன். “கல்யாணத்துல மைக் செட்டு வைக்கிற மாதிரி.”

அறையில் இன்னும் மூவர் இருந்தனர். சன்னலோரம் நின்ற மருமகளின் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அவள் அழவில்லை. அதை அண்ணி குறித்துக்கொண்டார். நாற்காலியின் நுனியில் ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தவர் வீட்டு மாப்பிள்ளை. அதாவது பெரியம்மாவின் மகளுடைய கணவர். தொழிற்சாலை மேலாளர் என்று அவருடைய சட்டைப்பையில் எழுதியிருந்தது. முகத்தில் அதற்கான ஆதாரம் எதுவும் தென்படவில்லை. மேசைக்குப் பின்னால், தமது மடிக்கணினியைக் குழந்தையைப் போல் அணைத்தபடி முனைவர் வீற்றிருந்தார்.

மேசைமேல் இரண்டு கண்ணாடிச் சாடிகள் இருந்தன. ஒன்றுக்கொன்று முடியளவு வேறுபாடும் இல்லாதவை. அடியில் உப்பைத் தண்ணீரில் குழைத்த சேறு. நடுவில் ஒரு வலைத்தட்டு. தட்டின்மேல் தாள் துண்டுகள்.

“எதுக்கு உப்புச் சேறு?” என்றார் அண்ணி.

“உள்ளே ஈரப்பதம் ஏறாம இறங்காம ஒரே நிலையில நிக்கும் மேடம்” என்றார் முனைவர். “இது சர்வதேச முறை. தாளை முதல்ல நல்லா உலர்த்தி எடை போடுவோம். அப்புறம் சாடியில வச்சு மூடிடுவோம். சில வாரம் கழிச்சு மறுபடி எடை. கூடின எடைதான் அது குடிச்ச ஈரம். இதுல தப்பு நடக்க வழியே கிடையாது.”

தப்பு நடக்க வழியே கிடையாது என்று சொல்பவர்களை அண்ணி தம் தொழில் வாழ்க்கையில் ஏராளமாகச் சந்தித்திருக்கிறார். அவர் பிழைப்பே அவர்களால்தான் நடந்தது.

“எது எந்தச் சாடின்னு எப்படித் தெரியும்?”

“சீல்லயே எழுதியிருக்கு. ‘கிராம்பு’, ‘வெறும்’. மூணு பேர் கையெழுத்தும் இருக்கு. நான், மாப்பிள்ளை சார், அப்புறம் இந்த அம்மா. நான் திறக்கிற வரைக்கும் சீல் அப்படியே இருந்துச்சு. நானே பிளேடால அறுத்தேன்.”

இரண்டு சாடிகளிலும் மூடியின் குறுக்கே ஒரு பட்டை ஒட்டி, இருபுறமும் கண்ணாடிவரை இறக்கியிருந்தது. மூடியின் விளிம்பில் மட்டும் அறுத்த கோடு தெரிந்தது.

அண்ணி கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ‘கிராம்பு’ என்று எழுதிய சாடியில் தாள் துண்டுகள் தளர்ந்து கிடந்தன. அவற்றின்மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. ‘வெறும்’ என்று எழுதிய சாடியில் ஒரு புள்ளிகூட இல்லை.

“பூசணத்தைப் பார்த்தீங்களா?”

முனைவரின் முகம் மலர்ந்தது. “அதைத்தான் மேடம் அறிக்கையில அழுத்தமா எழுதியிருக்கேன்! கிராம்பு எண்ணெய் இருக்கிற இடத்துல பூசணம் வராது. இதுல வந்திருக்கு. அப்படின்னா, இந்த அம்மா எண்ணெயே சேர்க்கல. மோசடிக்கு இதைவிட ஆதாரம் வேணுமா?”

“சரி. வெறும் தாள்ல ஏன் பூக்கல?”

முனைவர் தம் அறிக்கையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“அது… தற்செயல்.”

“தற்செயல்” என்று அண்ணி அந்தச் சொல்லை இடுக்கியால் தூக்குவதைப்போல் திருப்பிச் சொன்னார். “ஈரமான சாடியில வாரக்கணக்கா கிடந்த வெறும் மாவு, பூசணம் பூக்காம தற்செயலா தவம் இருந்துச்சு. அப்படித்தானே?”

சன்னலோரத்தில் அசைவு கேட்டது. மருமகள் இரண்டடி முன்னால் வந்திருந்தாள்.

“பூசணமா? எதுல?” என்றாள். “எனக்கு எடை மட்டும்தான் சொன்னாங்க மேடம். பொய்க்காரின்னு முடிவானப்புறம் சாடியை என் கண்ணுலயே காட்டல.”

“குற்றம் சாட்டப்பட்டவங்களைச் சான்றுப் பொருள்கிட்ட விடறது முறை இல்ல” என்றார் முனைவர்.

“வாசனை பார்த்தீங்களா?” என்றார் அண்ணி.

“இந்தக் கட்டடத்துல எதை முகர்ந்தாலும் கிராம்புதான். நாற்காலியிலகூட வாசனை வருது. மூக்கை நம்ப முடியாது. நிறத்தையும் நம்ப முடியாது. ஈரம் பட்டதும் ரெண்டு தாளும் கலங்கிடுச்சு.”

“அப்போ எதைத்தான் நம்புவீங்க?”

“கருவியை.”

கொழுந்தன் இதற்குள் ‘வெறும்’ சாடியின் மூடியைத் திறந்து, ஒரு துண்டை விரலால் எடுத்து, எதிர்வெளிச்சத்தில் பார்த்து, சற்றும் யோசிக்காமல் வாயில் போட்டுக்கொண்டான்.

“ஐயோ! அது சான்றுப் பொருள்!” என்று முனைவர் எழுந்துவிட்டார்.

கொழுந்தன் இரண்டுமுறை மென்றான். கண்கள் விரிந்தன. கன்னம் ஒருபுறமாக இழுத்துக்கொண்டது.

“அண்ணி” என்றான் குழறலாக. “நாக்கு மதத்துப் போச்சு. பல்வலிக்கு மதுந்து வச்ச மாதிதி இதுக்கு.”

“விழுங்காதே.”

“விதுங்கித்தேன்.”

அண்ணி நிமிர்ந்தார். எதிரியின் அறியாமை முழுதாக வெளிப்பட்டு நிற்கும் அந்த நொடி, மற்றவர்களுக்குப் பாட்டுக் கச்சேரி எப்படியோ அப்படி அவருக்கு.

“தின்றதுக்காகவே செஞ்ச தாள். வாசல்ல அதைத்தான் எழுதியிருக்கீங்க. சோதிக்க ஒரு முனைவர், மேற்பார்வைக்கு ஒரு மேலாளர். இத்தனை நாள்ல ஒருத்தருக்கும் அதைத் தின்னு பார்க்கத் தோணல. கடைசியில என் கொழுந்தன் தின்ன வேண்டியிருக்கு. அவன் மேசையில எதை வச்சாலும் தின்பான். இன்னிக்கு முதல் தடவையா அதனால ஒரு உபயோகம்.”

“சோதனைப் பொருளைத் தின்னக்கூடாதுங்கறது விதி” என்று முனைவர் முணுமுணுத்தார். ஆயினும் அவருடைய கை சாடியை நோக்கி நகர்ந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கின் நுனியில் வைத்தார். அவருடைய பட்டமும் அறிக்கையும் அந்த நாக்கின் நுனியிலேயே கரைந்துபோனதை எல்லோரும் பார்த்தார்கள்.

“கிராம்புதான்” என்றார்.

மருமகள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “என் தாள் தோக்கல” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். “பேர் மாறியிருக்கு.”

“மாத்தியிருக்காங்க” என்று அண்ணி திருத்தினார். “தானா மாறாது.”

“அது எப்படிங்க?” என்றார் மாப்பிள்ளை. அதுவரையில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. “வைக்கும்போது நாங்க மூணு பேரும் பார்த்தோம். காய்ஞ்ச தாள்ல நிறம் தெளிவாத் தெரியும், சரியாத்தான் வச்சோம். அப்புறம் சீல் உடையவே இல்லையே!”

“அந்தச் சீல் எதுல செஞ்சது?”

மாப்பிள்ளையின் மார்பு இரண்டு அங்குலம் உயர்ந்தது. “நம்ம தாள்லயேதான்! வெறும் மாவுத்தாள். என் யோசனை. நம்ம பொருளுக்கு நம்ம பொருளாலேயே முத்திரை! போட்டோ எல்லாம் எடுத்தோம். விளம்பரத்துக்கு ஆகும்னு.”

அண்ணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையைக் கேட்டிருக்கிறார். ஓணானையே வேலியாக நட்டவரை அன்றுதான் கண்டார்.

“ஈரத்தைக் கண்டா இளகுதுங்கறதுதான் அந்தத் தாளோட வியாதி. அதைப் போக்கத்தான் இத்தனை ஆராய்ச்சி. ஈரத்தைச் சோதிக்கிற சாடிக்கு அதையே பூட்டாப் போட்டிருக்கீங்க. போட்டோ வேற எடுத்திருக்கீங்க.”

“சார், அந்தப் போட்டோவை எனக்கு ஒண்ணு கொடுங்க” என்றான் கொழுந்தன். நாக்கு ஓரளவு திரும்பியிருந்தது. “மனசு சரியில்லாதப்போ பார்த்துக்கிறேன்.”

பக்கத்து முக்காலியில் மின்கெண்டி ஒன்று இருந்தது. அண்ணி அதன் விசையைத் தட்டிவிட்டார். மருமகள் வெறும் மாவுத்தாளின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதன் ஓரங்களைத் தண்ணீரில் தொட்டுச் சாடியின் கண்ணாடியில் ஒட்டி, உலரவிட்டு, கெண்டியின் மூக்குக்கு நேரே அண்ணி அந்தச் சாடியைச் சரித்துப் பிடித்தார். ஆவி பட்டதும் விறைப்பாக நின்ற தாள் சோம்பேறியின் கை போலத் தளர்ந்தது. நகத்தால் நெம்பினார், முழுதாகக் கழன்று வந்தது. கிழியவில்லை.

“உலர்த்தி, ஓரத்தை நனைச்சு, எந்தச் சாடியில வேணுமோ ஒட்டிக்கலாம்” என்றார். “சாடிக்குள்ள கையே விட வேண்டாம். சீலை மட்டும் இதுல இருந்து அதுக்கும், அதுல இருந்து இதுக்கும் மாத்தினா போதும்.”

மருமகள் அறுந்த பட்டைகளைக் குனிந்து பார்த்தாள். “என் கையெழுத்து இவ்வளவு அகலம் இருக்காது” என்றாள். “ஈரம் குடிச்சா தாள் உப்பும். உப்பின நிலையிலேயே அழுத்திக் காய வச்சிருக்காங்க. அதான் எழுத்து நீண்டுபோயிருக்கு.”

அன்று அந்த அறையில் பிறர் வாயிலிருந்து வந்த முதல் அறிவார்ந்த வாக்கியம் அது. அண்ணி தலையை மட்டும் அசைத்தார்.

“சாடியை எங்கே வச்சிருந்தீங்க?”

“இதே அறையில. அந்தக் கண்ணாடி அலமாரியில” என்றார் முனைவர். “குளிர் ஒரே சீரா இருக்கிற அறை இது ஒண்ணுதான்.”

“சாவி?”

எல்லோருடைய கண்களும் மாப்பிள்ளையின் மேல் திரும்பின. அவர் தம் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். சாவி உள்ளே இருந்துகொண்டு தம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று எண்ணியவரைப்போல.

“என்கிட்டதான். ஆனா நான் ஏங்க மாத்தணும்? கம்பெனி வந்தா எனக்குத்தாங்க நல்லது! மச்சினன் பெண்டாட்டி அவங்க ஊருக்குப் போயிட்டா ஆராய்ச்சிக்கூடமும் என் கைக்கு வந்துடும். நான் போய்…”

“எந்த ஊருக்கு?” என்றார் அண்ணி.

“அது ஒப்பந்தத்துலயே இருக்கு மேடம்” என்று முனைவர் குறுக்கிட்டார். “தாள் தேறினா, முறையோட சேர்த்து இந்த அம்மாவையும் எங்க பெரிய ஆலைக்கு எடுத்துக்கிறதா ஏற்பாடு. தனி ஆய்வுக்கூடம், தங்க வீடு, குழந்தைக்குப் பள்ளிக்கூடம். ரொம்பத் தூரம்தான். விமானத்துல போகணும்.”

அண்ணி ‘வெறும்’ என்று எழுதிய பட்டையை மூடியிலிருந்து மெல்ல உரித்துச் சன்னலின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். மற்றதையும் அவ்வாறே பிடித்தார். பட்டைகளின் நடுப்பகுதியில் மெல்லிய வரிகள் தெரிந்தன. சீப்பால் வாரியதுபோல ஒரே இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடின.

“இளகின தாள், காயும்போது எதுமேல கிடக்குதோ அதோட அச்சை வாங்கிக்கும். இல்லையா?”

“ஆமா மேடம். சொரசொரப்பான தட்டுல ஊத்தினா தாளும் சொரசொரப்பாத்தான் வரும்” என்றாள் மருமகள்.

“சீப்பா இருக்குமோ?” என்றான் கொழுந்தன். “சைக்கிள் கைப்பிடி? தகரக் கூரை? மாப்பிள்ளை சாரோட நெத்தி?”

“யோவ்!” என்றார் மாப்பிள்ளை.

“கோபப்படாதீங்க சார், இப்போ சுருக்கும்போது சரியா அதே இடைவெளி வருது.”

அண்ணி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அலமாரி இங்கே, கெண்டி இங்கே. உலர்த்துவதற்கு இதமான சூடும் வேண்டும்; குளிரூட்டிய அறையில் அது எங்கிருந்து வரும்? அவருடைய பார்வை ஓர் இடத்தில் நின்றது.

“பெரியம்மாவைத் தவிர எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்க” என்றார். “முனைவரே, மடிக்கணினி இங்கேயே இருக்கட்டும். அவசரக்காரங்க கையில அது ஆபத்து.”

கதவு மூடியது. கொழுந்தன் மட்டும் உள்ளே அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டான்.

“அந்த வெந்நீர்ப் பையைக் கொஞ்சம் கொடுங்க பெரியம்மா.”

பெரியம்மா கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அண்ணியே முழங்காலின் மேலிருந்து அதை எடுத்து மேசைமேல் கிடத்தினார். வெதுவெதுப்பான ரப்பரில், பிடி வழுக்காமல் இருப்பதற்காக வார்த்த வரிகள் மேலிருந்து கீழாக ஓடின. பட்டையை அதன்மேல் வைத்தார். வரிக்குள் வரி பொருந்தி உட்கார்ந்தது.

கொழுந்தன் கதவின் தாழ்ப்பாளைப் போட்டான்.

“அலமாரிக்கு இன்னொரு சாவி உங்க கொத்துல இருக்கும்” என்றார் அண்ணி. “முதலாளி கொத்துல இல்லாத சாவி ஏது?”

பெரியம்மாவின் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை மூடிக்கொண்டது.

“தாள் தோத்துப்போகட்டும்னுதான் நினைச்சேன்” என்றார். “அவ தோக்கணும்னு நினைக்கல. சரிப்பட்டு வரலன்னு சொல்லிட்டுக் கம்பெனிக்காரங்க போயிடுவாங்கன்னு நினைச்சேன். பொய்க்காரின்னு எழுதுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே உங்களையே கூப்பிட்டேன், கை தவறின தப்புன்னு சொல்லி அவளைக் காப்பாத்துவீங்கன்னு.”

“தாளைச் செஞ்சது யாரு? தாள் தோத்தா யாரு தோப்பா?”

“என் பிள்ளை போயிட்டான். அவனுக்குப் பதிலா இருக்கிறது இவளும் பாப்பாவும்தான். அவங்களும் போயிட்டா இந்த வீட்டுல நான் சுவத்தோடயா பேசுறது? வேண்டாம்னு அவகிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. என்ன உரிமையில சொல்றது?”

“சொல்ல உரிமை இல்ல. கெடுக்க மட்டும் உரிமை வந்துடுச்சா?”

பெரியம்மாவின் குரல் தாழ்ந்தது. “பழி மாப்பிள்ளை மேல போகட்டுமே. சாவி அவருகிட்டதானே இருக்கு. அவருக்குக் கெட்ட பேர் ஒண்ணும் புதுசு இல்ல, தாங்கிப்பாரு.”

முட்டாள்களை இகழ்வதற்கு அண்ணியிடம் எத்தனையோ சொற்கள் உண்டு. இதற்கு அவர் சொல் எதையும் செலவிடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“அந்த ஆளு மண்டு. மண்டா இருக்கிறது குற்றம் இல்ல. அவரை இதுல மாட்டிவிட்டா அது ரெண்டாவது திருட்டுத்தனம். அதுக்கு நான் துணை இல்ல. ஒருத்தரைக் கூடவே வச்சுக்கிறதுக்காக அவங்க காலை உடைக்கிறதுக்கு நீங்க என்ன பேர் வேணும்னாலும் வச்சுக்கோங்க. பாசம்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க.”

“அவ முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?”

“அது எனக்குத் தெரியாது. நண்பகலுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு நாலு பேர் நடுவுல நல்லவளாகணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா? நான் சொன்னா முழுசாச் சொல்வேன். மாப்பிள்ளையை மாட்டிவிடப் பார்த்ததையும் சேர்த்து.”

பெரியம்மா கண்களை மூடிக்கொண்டார். பிறகு தலையை அசைத்தார். கொழுந்தன் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே, அவர் எவரையும் ஏறிட்டுப் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

“சாடியோட சீலை மாத்தினது நான்தான். அவ போயிடக்கூடாதுன்னு.”

மாப்பிள்ளை நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அவருடைய முகத்தில் நிம்மதியே அதிர்ச்சியாகத் தெரிந்தது. முனைவர் மடிக்கணினியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அறிக்கையைத் திருத்திடுறேன் மேடம்” என்றார் அண்ணியிடம். “தொழில்நுட்பக் காரணங்களால் முந்தைய முடிவு…”

“எந்தத் தொழில்நுட்பம்? பேர் மாறியிருந்ததை நீங்க கவனிக்கலன்னு எழுதுங்க. பூசணம் கண்ணுக்கு முன்னாடி இருந்தும் யோசிக்கலன்னு எழுதுங்க. வெறும் தாள் குடிச்சதுல பாதிகூடக் கிராம்புத்தாள் குடிக்கலன்னு எழுதுங்க. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டு முடிங்க. நான் படிச்சுப் பார்த்தப்புறம் அனுப்புவீங்க.”

விசைப்பலகை தயங்கித் தயங்கி ஒலிக்கத் தொடங்கியது. கொழுந்தன் முனைவரின் பின்னால் போய் நின்றுகொண்டு, “சார், ‘யோசிக்கல’ங்கறதுக்கு அடியில ஒரு கோடு போடுங்க” என்றான்.

மருமகள் சாடிகளுக்கு அருகில் அசையாமல் நின்றாள். மாமியாரின் பக்கம் அவள் திரும்பவில்லை. முனைவர் எழுதி முடித்ததை அண்ணி படித்து, இரண்டு இடங்களில் திருத்தி, தலையசைத்தார். அறிக்கை போயிற்று.

“எப்போ வந்து சேரணும்?” என்றாள் மருமகள்.

முனைவர் திடுக்கிட்டார். “எங்க ஆலைக்கா? நீங்க இன்னும் வருவீங்களா?”

“வருவேன். ஆனா உங்களுக்குக் கீழே இல்ல. என் ஆய்வுக்கூடத்துக்குள்ள நீங்க வரணும்னா என்னைக் கேட்டுட்டு வரணும். உங்க மேலதிகாரிகிட்ட இதைச் சொல்லிடுங்க. நானும் எழுதுறேன்.”

“சரி… சரிங்க” என்றார் முனைவர். காலையிலிருந்து ‘இந்த அம்மா’வாக இருந்தவளுக்கு அவர் கொடுத்த முதல் மரியாதை அது.

பெரியம்மா நாற்காலியின் கைகளை ஊன்றி எழ முயன்றார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மாப்பிள்ளை தாங்கிப் பிடிக்க வந்தார். அவரை விலக்கிவிட்டு மருமகளைப் பார்த்துக் கேட்டார்.

“பாப்பாவையுமா கூட்டிட்டுப் போறே?”

மருமகள் அப்போதுதான் திரும்பினாள். அவளுடைய குரல் உயரவில்லை.

“கம்பெனி கொடுக்கிற வீட்டுல மூணு அறை அத்தை. ஒண்ணு எனக்கு, ஒண்ணு பாப்பாவுக்கு. மூணாவது உங்களுக்குன்னுதான் கேட்டு வாங்கினேன். ‘நானும் வரேன்’னு நீங்களா ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இனிமே சொல்லாதீங்க” என்றாள் மருமகள். பிறகு கிராம்புத்தாள் இருந்த சாடியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, படிகளில் இறங்கிப் போய்விட்டாள்.